தபால்பெட்டிக்கு ஒரு குல்லா

நோரீன் சக்டனுக்கு நேராகப் பின்ன வராது. அவளுடைய அம்மா இடதுகைக்காரி. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தே பழகியதால், நூலை ஊசியில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றுவாள். அவள் போடுகிற ஒவ்வொரு கண்ணியும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர் ஹாலின்டேலில் புதன்கிழமை தோறும் சர்ச் கூடத்தில் கூடிப் பின்னுகிற பெண்கள் நாங்கள் பதினோரு பேர். அதில் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே யாருடையது என்று சொல்லக்கூடிய கை அவளுடையது ஒன்றுதான். இருபது வருஷம் திருத்திப் பார்த்தேன். "நீ நேரா இருந்தா உனக்குப் பத்தாது கிழவி, ஊரே நேரா இருக்கணும்" என்பாள். அவளைவிட நான் இரண்டு வயதுதான் மூத்தவள்.

என் புத்தி அப்படி. பதினைந்து வயதில் மில்லில் சேர்ந்தேன். தறியிலிருந்து வருகிற கம்பளித் துணியை ஜன்னலோரம் சாய்த்த மேஜையில் விரித்து, விட்டுப்போன இழையைத் தேடிப் பிடித்து, அங்கே ஓட்டை இருந்ததே தெரியாமல் ஊசியால் கோத்துவிட வேண்டும். அதுதான் வேலை. மில் மூடி நாற்பது வருஷம் ஆகிறது. கை மட்டும் இன்னும் ஓயவில்லை. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கோட்டில் நூல் பிரிந்திருந்தால் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடுவேன்.

மில் மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. நோரீன் அங்கே எனக்கு முன்பே இருந்தாள். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குத் தினமும் சமைப்பாள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை எது என்று வரிசையில் நிற்கும் விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கேட்காமலே இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போடுவாள். யாராவது வாத்தியார் இதைப் பற்றி முணுமுணுத்தால் அன்றைக்கு அவருக்குக் கஸ்டர்டில் கட்டி இருக்கும். அவள் புருஷன் ராய் லாரி ஓட்டப் போனவன், ஒரு நாள் திரும்பி வரவில்லை. செத்துப்போகவில்லை, டான்காஸ்டரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினான். "அந்த லாரியையாவது திருப்பி அனுப்பியிருந்தா வித்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அப்போது லூயிஸுக்கு நான்கு வயது.

லூயிஸ் பயந்த பிள்ளை. பதினோரு வயது வரை சைக்கிளில் ஏறமாட்டான். மூன்றாவது வீட்டு ஜேமி கிராஸ்லிதான் அவனைப் பின்னாலிருந்து பிடித்து ஓட்டப் பழக்கினான். அதே ஜேமி பட்டாளத்தில் சேருகிறேன் என்றபோது இவனும் சேர்ந்துவிட்டான். சைக்கிளுக்குப் பயந்தவன் ஆப்கானிஸ்தானில் கவசவண்டி ஓட்டினான். நோரீன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் துடைத்த மேஜையையே மறுபடி துடைப்பாள்.

2009 ஜூலையில், மண்ணில் புதைத்த குண்டில் ஜேமி கால் வைத்தான். பத்தடி பின்னால் லூயிஸ். சவப்பெட்டியோடு அவனும் வந்தான். ஊரே தெருவில் நின்றது, கடைகளை மூடினோம், நானும் அழுதேன். அடுத்த வசந்தத்தில் ஜேமியின் பெயரை, சண்டைகளில் செத்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கான நினைவுக்கல்லில் வெட்டி எழுத்துக்குத் தங்கநிறம் பூசினார்கள்.

அதே வருஷம் லூயிஸ் பட்டாளத்தை விட்டு வந்து டயர் கிடங்கு ஒன்றில் சேர்ந்தான். பார்த்தால் வணக்கம் சொல்வான், என் பையை வாங்கித் தூக்கி வருவான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. நோரீன் மட்டும் ஒரு தடவை சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். காலையில் டீயோடு அறைக்குப் போனால் அவன் படுக்கை விளிம்பில் உட்கார்ந்திருப்பானாம். பனியன், கம்பளிச் சாக்ஸ், பக்கத்தில் கயிறு கட்டித் தயாராக வைத்த பூட்ஸ். கை இரண்டும் முழங்காலில். விடிய விடிய அப்படியே இருந்தானா, இல்லை எழுந்து உட்கார்ந்தானா என்று கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். டாக்டரிடம் போனான், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தான். ஆறு வருஷம் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

2016 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டீயோடு போனபோது படுக்கை காலியாக இருந்தது. பழைய கல்குவாரிப் பக்கம் நாயோடு நடக்கப் போனவர்கள் அவனைக் கண்டார்கள். தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். இருபத்தெட்டு வயது.

அந்தச் செப்டம்பரில் நோரீன், நவம்பரில் போர் நினைவுநாளை நடத்துகிற கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். கல்லில் பெயர் வெட்ட வேண்டாம். நவம்பர் ஞாயிற்றுக்கிழமை கல்லுக்கு முன்னால் பெயர்களை வாசிக்கும்போது, ஜேமிக்கு அடுத்து லூயிஸ் சக்டன் என்று ஒரு தடவை வாசித்தால் போதும். அந்தப் பெயருக்கு அவளும் மற்ற தாய்மார்களைப் போலப் போய்ச் சின்ன மரச் சிலுவையைப் புல்லில் குத்தி வைப்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கமிட்டியில் ஐந்து பேர். பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியை, கறிக்கடைக்காரர், தலைவர் டெரெக் ஹார்கிரீவ்ஸ், செயலாளராக நான். டெரெக் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இளம் வயதில் ஃபாக்லண்ட் தீவுச் சண்டைக்குப் போய்வந்தவன். அவனோடு அதே கப்பலில் போன எங்கள் ஊர்க்காரன் ஒருவனின் பெயரும் கல்லில் உண்டு. மோசமானவன் என்று சொல்லமாட்டேன், கல்லைத் தன் வீட்டுச் சுவர் போல நினைப்பவன். "அங்க செத்தவங்களுக்குத்தான் இந்தக் கல்லு. வீட்டுக்கு வந்து செத்தவங்களைச் சேர்க்க ஆரம்பிச்சா எங்க போய் நிறுத்தறது?" என்றான். பாதிரியாரும் தலைமையாசிரியையும் வாசிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது டெரெக் தூக்கினான், கறிக்கடைக்காரர் தூக்கினார். மூன்றாவது கை என்னுடையது.

ஏன் தூக்கினேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டதுண்டு. விதி என்று ஒன்று இருக்கிறது, ஜேமியின் அம்மா வருத்தப்படுவாள், ஒரு தடவை மீறினால் வழக்கமாகிவிடும். எல்லாம் சால்ஜாப்பு. அந்தப் பெயர்களை வருஷா வருஷம் வாசிப்பவள் நான். எனக்குத் தெளிவான குரல் என்று என்னிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். தன்னைத்தானே முடித்துக்கொண்டவன் பெயரை ஊருக்கு முன்னால் உரக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வளர்ந்த வீட்டில் அப்படிச் செத்தவர்களைப் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். என் மடியில் மூத்திரம் போன பிள்ளை அவன். அவனைப் பற்றி நான் வெட்கப்பட்டேன். அதுதான் உண்மை.

நோரீன் வெளியே நடையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்னலைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "நீயாவது எனக்காக இருந்தியே கிழவி, அது போதும்" என்றாள். யார் யார் கை தூக்கினார்கள் என்று குறிப்பில் எழுதும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம், அவள்தான் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. புதன்கிழமை வந்தாள், பாப்பிப் பூ பின்னினாள். எங்கள் ஊரில் நவம்பர் வந்தால், செத்த சிப்பாய்களின் நினைவாக, சர்ச் கோபுரத்திலிருந்து வாசல் கேட் வரைக்கும் நாலாயிரம் சிவப்புப் பாப்பிப் பூக்களை வலையில் தைத்துத் தொங்கவிடுவோம். எல்லாம் நாங்கள் பின்னியவை. நோரீனுடைய பூக்களை நான் வலையின் மேல்பக்கம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தைத்துவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். "என் பூவுக்குத்தான் வானம் நல்லாத் தெரியுது" என்பாள்.

2021 ஆகஸ்டில் காபூல் விழுந்த அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். விமானத்தோடு கூடவே ஜனங்கள் ஓடுவதை டிவியில் காட்டினார்கள். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருபது வருஷம் ஆடிட்டு, கடைசில எடுத்த இடத்துலயே வச்சிட்டு வந்துட்டாங்க" என்றாள். அப்புறம், "அந்த ஊர்லயும் செத்த பிள்ளைங்க பேரை யாராவது வாசிப்பாங்களா கிழவி? அவங்க அம்மாங்க யார்கிட்டப் போய்க் கேப்பாங்க?" என்று கேட்டாள். டீ போட எழுந்து போனேன்.

தபால்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைவுக்கல்லுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் தபால்பெட்டி நிற்கிறது. அதற்குக் காலத்துக்கு ஏற்றபடி கம்பளிக் குல்லா பின்னிப் போடுவது எங்கள் கூட்டத்தின் வேலை. ஈஸ்டருக்குக் கோழிக்குஞ்சுகள், டிசம்பரில் பனிமனிதன், நவம்பரில் பாப்பி வளையம். ஒரு பெண் தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் எங்கள் ஊரில் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்த நவம்பர் சனிக்கிழமை பிற்பகல், கடைத்தெருவில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, நோரீன் தன் குல்லாவைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள். கறிக்கடைக்காரர் வாசலில் நின்று, நன்றாக இருக்கிறது என்று பாராட்டினாராம். என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நினைவுநாளுக்கு நாற்காலி போட வந்தபோது. குல்லாவின் மேல் ஒரு சின்னக் கட்டில், கடுகுநிறப் போர்வை. கட்டில் விளிம்பில் ஒரு பொம்மைச் சிப்பாய். பனியன், சாக்ஸ். பக்கத்தில் கயிறு கட்டிய ஜோடி பூட்ஸ், ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. கை இரண்டும் முழங்காலில். முகத்தில் கண் மூக்கு ஒன்றும் இல்லை. சுற்றிலும் பாப்பிப் பூ, சிவப்பு இல்லை, எல்லாம் சண்டையே வேண்டாம் என்பவர்கள் குத்திக்கொள்கிற வெள்ளை. விளிம்பில் கறுப்பு நூலில், இவன் திரும்பி வந்தவன் என்று தைத்திருந்தது.

கிட்டே போய்க் கண்ணியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தேன். எல்லாம் கோணல்.

மூன்று மணி நேரத்தில் ஊரே இங்கே வந்து நிற்கும். பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். ஜேமியின் அம்மா முன்வரிசையில் உட்காருவாள். டெரெக் எல்லார் முன்னாலும் இதைப் பிய்த்து எறிவான், நோரீனுக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பெட்டிக் கதவின் இரும்பு விளிம்பில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். போர்வைப் பக்கம் கிழிந்து கையோடு வந்தது. பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பையின் அடியில் திணித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷ மௌனம். எல்லாரும் தலை குனிந்திருந்தபோது நோரீன் மட்டும் நிமிர்ந்து வெறும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்து டெரெக் மேல் நின்றது. நான் பட்டியலைப் பிரித்து வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. ஜேமி கிராஸ்லியோடு நிறுத்தினேன்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அவள் டெரெக்கிடம் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவாள். ஒரு நாள் டெரெக் என்னிடமே வந்து, "நோரீன் ஏன் என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டான். அவளுக்கு மனசு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளோடு டீ குடித்தேன், மார்க்கெட் போனேன், அவள் டெரெக்கைத் திட்டும்போது உச்சுக்கொட்டினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குல்லா என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. துணி மடிக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கிழிசல் கண்ணில் படும். ஜனவரியில் என்னால் முடியவில்லை. அதே கடுகுநிறம் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். சாயம் கொஞ்சமும் மாறாத நூல் கிடைத்தது. ஒரு பிற்பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுந்த கண்ணிகளைப் பிடித்து, உள்ளங்கை அளவு போர்வையைப் புதிதாகப் பின்னி, நூல் நுனியை உள்ளே மூன்று தடவை மடக்கி மறைத்தேன். மில்லில் அந்தக் காலத்து மேஸ்திரி பார்த்திருந்தால்கூட ஓட்டை எங்கே இருந்தது என்று சொல்லியிருக்க முடியாது. நல்ல வேலை செய்ததில் எனக்கு அன்று ஒரு திருப்தி, வெட்கக்கேடு.

அடுத்த நவம்பர் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் நானே அதைக் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் மாட்டினேன். யாரும் என்னையும் கேட்கவில்லை. எடுத்த கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்த்தது. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஜேமியின் அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு சிலர் முணுமுணுத்தார்கள், இந்த நாளில் இது தேவையா என்று. எல்லாம் முடிந்த பிறகு டெரெக் ரோட்டைக் கடந்து போனான். முட்டி வலியோடு குனிந்து, அந்தப் பொம்மையைத் தொடாமல், நெடுநேரம் பார்த்தான். பிய்த்து எறியத்தான் போகிறான் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கப்பலேறி வந்து முப்பது வருஷம் நான் இப்படித்தான் உக்காந்திருந்தேன், தெல்மா" என்றான். "என் பொஞ்சாதிக்கு மட்டும்தான் தெரியும். இத யாருங்க பின்னினது?"

நான் பதில் சொல்வதற்குள் நோரீன் வந்துவிட்டாள். டெரெக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குல்லாவைச் சுற்றிவந்தாள். திரும்பி வந்துவிட்டதே என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பூட்ஸைத் தடவினாள், பூவைத் தடவினாள். போர்வையில் விரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய கோணல் கண்ணிகளுக்கு நடுவே, உள்ளங்கை அளவு இடத்தில், வரிசை பிசகாமல் நேராக நின்றன என் கண்ணிகள். பின்னும்போது நிறத்தைப் பார்த்தேன், நூலைப் பார்த்தேன், நுனியை மறைத்தேன். அவளைப் போலக் கோணலாகப் பின்ன வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷம் அவளிடம் எதைத் திருத்தினேனோ அதையே அங்கேயும் திருத்தி வைத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையில் பெயர்ப் பட்டியல் இருந்தது.

அன்று மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாகப் பின்பக்கம் வந்து தட்டாமல் நுழைவாள். அன்றைக்கு முன்கதவு மணியை அடித்தாள். உள்ளே வந்தாள், உட்காரவில்லை, கோட்டைக் கழற்றவில்லை.

"ஒரு வருஷமா இங்கதான் இருந்திருக்கு."

"ஆமா."

"டெரெக் இல்ல."

"இல்ல. நான்தான். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான் எடுத்தேன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்ல அவகாசம் இருந்தது. ஆறு வருஷமாக அதே பொய்யைப் பேசாமலே சொல்லிக்கொண்டிருந்தவள்தானே.

"அன்னிக்கு மீட்டிங்ல?"

"கை தூக்கினேன். வேண்டாம்னு."

நாற்காலியை நகர்த்தினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அவன் செத்த விதத்துக்காகவா?"

"ஆமா நோரீன்."

"மத்தவங்க யாரு அப்படி நெனச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன்" என்றாள். கதவுப் பக்கம் திரும்பினாள். "அவன் பேரு இனிமே உன் வாயில வரக் கூடாது. வாசிச்சாலும் சரி, சும்மா சொன்னாலும் சரி. வரேன், தெல்மா."

அத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவள் அப்புறம் வரவில்லை. ஜனவரிக் கூட்டத்தில், நான் கேட்காமலே, டெரெக் எழுந்து லூயிஸின் பெயரை இந்த வருஷத்திலிருந்து வாசிக்கலாம் என்றான். ஐந்து கையும் மேலே போனது. பாதிரியார் போய் அவளிடம் சொன்னார். திரும்பி வந்து சொல்லத் தயங்கினார். தெல்மா வாசிப்பதாக இருந்தால் வேண்டாம் என்றாளாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷம் வாசித்தவள் நான். மழுப்பியிருக்கலாம், தொண்டை சரியில்லை என்றிருக்கலாம். சொல்லிவிட்டேன். கை தூக்கியதை அவளிடம் மறைத்தது, குல்லாவைப் பிடுங்கியது, எல்லாவற்றையும்.

டெரெக்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப ஒரு வருஷமா அவங்க என்னை மொறச்சது உங்களுக்காகவா?" என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே நோரீன் அவன் வீட்டுக்கு ஜாம் கேக்கும் ஒரு ஜாடி கஸ்டர்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். கட்டி இல்லாத கஸ்டர்ட். பட்டியலை அவனிடம் கொடுத்தேன். அவன் குரல் தகரம் மாதிரி இருக்கும், பெயர்களைத் தப்பாக உச்சரிப்பான். பரவாயில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அவளை இப்போதும் பார்க்கிறேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பஸ் நிறுத்தத்தில் நின்றால் மரியாதையாகத் தலையசைப்பாள், பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொள்வாள். பஸ்ஸில் அவள் முன்னால் உட்காருவாள், நான் பின்னால்.

2023 நவம்பர் சனிக்கிழமை பிற்பகல் தபால்பெட்டியில் மறுபடியும் அந்தக் குல்லா இருந்தது. கட்டில், பூட்ஸ், வெள்ளைப் பூக்கள், எல்லாம் அப்படியே. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தேன். போர்வையில் நான் பின்னிய இடத்தை அவள் முழுசாகப் பிரித்து எடுத்திருந்தாள். கிழிந்த ஓரம் வரை கவனமாகப் பிரித்து, தன் நூலில், தன் கோணல் கண்ணிகளில் பின்னி அடைத்திருந்தாள். என் கை பட்ட அடையாளம் ஒரு இழை இல்லை.

மறுநாள் மழை தூறியது. நான் மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக நின்றேன். டெரெக் பழைய பெயர்களை வாசித்தான், இரண்டைத் தப்பாக வாசித்தான். ஜேமி கிராஸ்லி என்றான். ஜேமியின் அம்மா போய்ச் சிலுவையைக் குத்திவிட்டு வந்தாள். டெரெக் தாளிலிருந்து தலையைத் தூக்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, லூயிஸ் சக்டன் என்றான். அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னான்.

நோரீன் எழுந்து வந்தாள். கல்லுக்குப் போக என்னைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு முழம் தள்ளி, என்னைப் பார்க்காமல், சிலுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கறுப்புக் கோட்டின் இடதுகை நுனியில் தையல் விட்டு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாக நீண்டது. நூலைத் தொடாமல் கையை இழுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் போய்க் குனிந்து, ஈரப் புல்லில் சிலுவையைக் குத்தி, அது சாயாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.